குறுக்கே படுத்திருந்த மணி

சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குப் பீங்கானின் படிகமணித் திசை பற்றி ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். ஆனால் என்னிடம் இருப்பதைவிட நல்ல படங்கள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அதனால் வகுப்பை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, அந்தத் திசையைப் பற்றி நான் வாய் திறந்து பேசிய ஒரு நாளைச் சொல்கிறேன். சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கூச்சமில்லாமல் சொல்லக்கூடியவற்றை ஆண்டு விருந்துகளில் மேடையேறி ஏற்கெனவே சொல்லித் தீர்த்துவிட்டேன்.

வகுப்பு இதுதான். ரவாங் பக்கம் சாலையோரத்தில் லெமாங் விற்கும் மலாய்க்காரப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலுக்குள் வெந்த சோற்றை எடுக்க, கத்தியை நெடுக்காக வைத்து ஒரு தட்டு தட்டுவார்கள். மூங்கில் பிளந்துகொள்ளும். அதே மூங்கிலைக் குறுக்கே துண்டாக்க ரம்பம் வேண்டும். மூங்கில் ஒன்றுதான், நார் ஓடும் திசையைப் பொறுத்து அதன் பலம் மாறுகிறது. நாம் செய்யும் சிலிக்கான் நைட்ரைடும் அப்படித்தான். அதற்குள் இருக்கும் மணிகள் அரிசியைப் போல நீளமானவை. சூட்டோடு மேலிருந்து அழுத்திக் கட்டியாக்கும்போது அவை பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. அந்தப் படுக்கையின் போக்கிலேயே நீளம் அமையும்படி ஒரு துண்டை வெட்டினால், அதை முறிக்க வரும் விரிசல் மணிகளைச் சுற்றிச் சுற்றிப் போய் அலுத்துப்போகும். கட்டியை நிமிர்த்தி வைத்து வெட்டினாலோ மணிகள் துண்டுக்குக் குறுக்கே கிடக்கும். விரிசலுக்கு நாமே தார்ச்சாலை போட்டுக் கொடுத்ததாக ஆகும். சாணை பிடித்துவிட்டால் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே வழவழப்பு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வகுப்பு முடிந்தது.

அப்போது நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவன். நடைமுறைக் கையேட்டில் எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டாமல் சொல்வேன். தணிக்கை செய்ய வருபவர்கள் என்னிடமே சந்தேகம் கேட்டுத் தெளிந்து போவார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் லோகேஸ்வரி. எல்லாருக்கும் லோகேஸ். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். ஆனால் சரக்கு தாமதமானால் அண்ணனென்றும் பார்க்க மாட்டார்.

ரவாங்கில் அலுமினியத்தில் கார்ச் சக்கரம் வார்க்கும் ஓர் ஆலை எங்களிடம் பீங்கான் கைகள் கேட்டிருந்தது. உலையிலிருந்து உருகிய அலுமினியத்தை மொண்டு அச்சுக்குக் கொண்டுபோகும் பெரிய கரண்டியைத் தாங்கிப் பிடிக்கும் கை. அவர்களிடம் இருந்த கைகள் தேய்ந்து, ஒரு வரிசையே வேலை செய்யாமல் நின்றுகிடந்தது. சரக்கைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க அவர்களுடைய பொறியாளர் சோங், ஷா ஆலமில் இருந்த எங்கள் ஆலைக்கு நேரில் வந்தார். நாற்பது வயதிருக்கும் சீனர். அதிகம் பேசாதவர். சரக்கை ஏற்ற லோரி வெளியே காத்திருந்தது.

கூட்ட அறையில் உட்கார்ந்ததும் அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, மேசையின் நடுவில் வைத்தார். உலைக்கு முன்னால் இரண்டு பேர், தலைக்கவசத்துடன். அவர்கள் தோளுக்குச் சற்று மேலே கரண்டி. என் ஆட்கள் இங்கேதான் நிற்கிறார்கள், கை உடைந்தால் ஒதுங்க இடமில்லை, அதனால்தான் நானே வந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தலையசைத்துவிட்டுச் சோதனை முடிவுகளை அவர் முன்னால் விரித்தேன். எண்கள் அழகாக இருந்தன.

அப்போது லோகேஸ் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலியை இழுத்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

இந்த நாட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு. அடுத்தவர் எதிரிலேயே தமிழில் பேசிக்கொள்ளலாம். பாசாரில் விலை படிவதற்கு முன், லிப்டில் பக்கத்தில் நிற்பவரின் வாசனைத் திரவியத்தைப் பற்றி, மருத்துவர் கொடுத்த மருந்தை வாங்கலாமா வேண்டாமா என்று அவர் முகத்துக்கு நேராகவே, எல்லாம் பேசியிருக்கிறோம். கதவில்லாத ஒரு தனியறை. நீங்களும் அதில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரே சிக்கல், வேலையைப் பற்றி நாம் பேசும் தமிழில் பாதி ஆங்கிலம். மணியைக் கிரெய்ன் என்றாலோ, டெஸ்ட் என்றாலோ, ஸ்ட்ரெங்த் என்றாலோ எதிரில் இருப்பவர் நிமிர்ந்துவிடுவார். ஆகவே அன்று நாங்கள் இருவரும் தூய தமிழில் பேசினோம். என் வாழ்நாளில் எந்தத் தமிழ் விழாவிலும் நான் அவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை. மொழிக்கு அப்படியொரு தொண்டு செய்ய எனக்குக் கிடைத்த காரணம் அதுதான்.

"அண்ணே, தாளப் பார்த்துக்கிட்டே கேளுங்க. முகம் மாறக் கூடாது," என்றார் லோகேஸ். "அறுக்கற இடத்துல இப்பத்தான் சொல்றாங்க. கட்டி பத்தலன்னு மிச்சத் துண்ட நிமிர்த்தி வச்சு நாலு கை வெட்டிட்டாங்களாம்."

"எந்த நாலு?"

"அதான் தெரியல. எல்லாத்தையும் தேய்ச்சு ஒரே தட்டுல அடுக்கிட்டாங்க."

"அப்ப அந்த நாலுலயும் மணி?"

"குறுக்க படுத்திருக்கு."

சோங் ஒரு பக்கத்தைப் புரட்டினார். நான் அவரைப் பார்த்துப் புன்னகைத்தேன்.

"சோதனைக்கு வெட்டுன துண்டு?" என்றேன்.

"அது ஒழுங்கா படுக்க வச்சு வெட்டுனது. அதான் எண்ணெல்லாம் நல்லா வந்திருக்கு." லோகேஸ் தாளில் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார். "சொல்லிடலாமாண்ணே?"

அவர் கேட்டது அவ்வளவுதான். ஆம் என்பது ஒரு சொல். புதிதாகக் கட்டி அழுத்தி, வெட்டி, தேய்த்துக் கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். லோரி நிற்கிறது. ரவாங்கில் வரிசை நிற்கிறது. மேலிடத்திலிருந்து காலையிலேயே இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் நான் அந்த நொடியில் நினைத்தேன் என்று சொன்னால் என்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வரும். உண்மையில் நான் நினைத்தது கையேட்டை. அதே கட்டியிலிருந்து சோதனைத் துண்டு எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதே திசையில் என்று இல்லை. அந்த ஓட்டை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். ஒருநாள் உதவும் என்று பின்வாசல் சாவியைப் போலப் பத்திரமாக வைத்திருந்தேன்.

"விதியில திசையப் பத்தி ஒரு சொல்லும் கிடையாது," என்றேன். "நாம சுத்தம். வலிமை கொஞ்சம் குறையும், ஆனா இந்தப் பளுவத் தாங்கும். இவரு எண்ணத்தான் பாப்பாரு, மணியப் பாக்க மாட்டாரு. எண்ணக் காட்டுனா தலையாட்டுற பொம்ம. கையொப்பம் வாங்கிட்டு சாப்பிடக் கூட்டிட்டுப் போவோம்."

லோகேஸ் தாளின் மூலையை மடித்து நீவினார். பிறகு, "சரிண்ணே," என்றார். அவருக்குச் சரியாகப் படவில்லை என்பது குரலில் தெரிந்தது. தெரிந்ததை நான் கவனிக்காதது போல் இருந்தேன். அதிலும் எனக்கு நல்ல பயிற்சி.

சோங் நிமிர்ந்து, ஏதாவது பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அப்படியானால் சாப்பிட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

கிள்ளானுக்குக் காரை லோகேஸ் ஓட்டினார். நான் முன்னால், சோங் பின்னால். வழியெல்லாம் நான் துரியான் பருவத்தைப் பற்றியும் நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றியும் பேசினேன். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பின்னாலிருந்து கேட்டார். எல்லாம் நடைமுறைப்படி இருக்கிறது என்று திரும்பாமலே சொன்னேன். லோகேஸ் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். விளக்கு பச்சையானதும் பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடிக்கும்வரை வண்டி நகரவில்லை.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூட்டம். இலை போட்டவர் எங்கள் இருவரிடமும் தமிழில் விசாரித்துவிட்டு, சோங்கிடம் கோழியா மீனா என்று மலாயில் கேட்டார்.

"வவ்வா மீன் இருந்தா ஒரு துண்டு குடுங்கண்ணே," என்றார் சோங். "கொழம்ப சோத்து மேல ஊத்தாதீங்க, ஓரமா விடுங்க. ரசம் டம்ளர்ல."

"அட, நம்மாளு," என்று சொல்லிக்கொண்டே இலை போட்டவர் மகிழ்ச்சியாகப் போனார்.

என் கை சோற்றில் இருந்தது. பிசைந்துகொண்டே இருந்தேன். பிசைவதற்கு இலையில் ஒன்றும் மிச்சமில்லாமல் கூழாகிவிட்டது. லோகேஸ்தான் முதலில் பேசினார்.

"மிஸ்டர் சோங், நீங்க தமிழு..."

"காப்பார் பக்கம் ரப்பர் தோட்டம், மேடம். அப்பா அங்க சாமான் கட வச்சிருந்தாரு. நடந்து போற தூரத்துல இருந்தது தமிழ் ஸ்கூல் ஒண்ணுதான். ஆறாவது வரைக்கும் படிச்சேன்லா. பேச்சுப் போட்டியில சோப்பு டப்பால்லாம் வாங்கியிருக்கேன்." அப்பளத்தை உடைத்தார். "ஆனா நீங்க பேசுனது மொதல்ல வெளங்கல. மணி குறுக்க படுத்திருக்குன்னீங்க. யாரோ மணின்னு ஒரு ஆளு, தண்ணியப் போட்டுட்டு மெஷினுக்குக் குறுக்க படுத்துட்டாப்பலன்னு நெனச்சேன்."

ரசத்தோடு வந்த பரிமாறுபவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "எந்த மணி பாஸ்? நம்ம கடையிலயும் ஒருத்தன் இருக்கான், அதே கேஸுதான்."

எங்கள் மேசையில் சோங் மட்டும் சிரித்தார்.

"அப்பறம் சார் வலிமைன்னு சொன்னாரு பாருங்க, அப்பத்தான் கிரெய்னுன்னு பிடிபட்டுச்சு," என்றார் சோங், பரிமாறியவர் போனதும். "தலையாட்டுற பொம்மையும் வெளங்குச்சு. அது பரவால்ல."

"அங்கயே கேட்டிருக்கலாமே," என்றார் லோகேஸ்.

"கார்ல கேட்டேனே, மேடம்."

நான் ஆங்கிலத்துக்குத் தாவினேன். அங்கேதான் எனக்குத் தரை உறுதியாக இருக்கும். கையேட்டின் இந்தப் பிரிவு, இந்த உட்பிரிவு, மாதிரித் துண்டு எடுக்கும் முறை என்று தொடங்கினேன். கூட்டங்களில் பலரை வாயடைக்கச் செய்த நடை அது.

"சார்," என்றார் சோங், மீன் முள்ளை இலையின் ஓரத்தில் ஒதுக்கியபடி. "தமிழ்லயே சொல்லுங்க. வெளங்கும்."

முயன்றேன். ஆங்கிலத்தில் நான்கு வரி வரும் அந்த விதியைத் தமிழில் சொல்ல வாயெடுத்தால், நல்ல துண்டை வெட்டிச் சோதித்தோம், கெட்ட துண்டை உங்களுக்கு அனுப்புகிறோம் என்றுதான் வந்தது. வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். அங்கேயேதான் போய் நின்றது. பாதியில் நிறுத்திவிட்டு மோரைக் குடித்தேன்.

லோகேஸ் இடது கையால் கைப்பேசியை எடுத்தார். என்னைக் கேட்கவில்லை. "நான்தான் பேசறேன். அந்தத் தட்ட யாரும் தொடாதீங்க. லோரிய அனுப்பிருங்க, சரக்கு இல்ல. டெஸ்ட் மெஷின காலி பண்ணி வைங்க. ஆமா, எல்லாக் கையையும் உடைக்கப் போறோம். நல்லதும்தான், எது நல்லதுன்னு உனக்குத் தெரியுமா?" அழைப்பைத் துண்டித்துவிட்டு, "சாப்பிடுங்க மிஸ்டர் சோங், போய்ப் பாத்துருவோம்," என்றார். அந்த ஆணையைப் பிறப்பிக்கும் அதிகாரம் ஆலையில் எனக்குத்தான் இருந்தது. அதுவும் கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது.

இதைக் கேட்டால் பலர் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். அதுதான் பாடம் என்றால் நான் இதை உங்களுக்கு எழுத வேண்டியதே இல்லை. சோங்குக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். நான் நல்ல சாப்பாடு சாப்பிட்டிருப்பேன். அந்தப் படத்தில் இருந்த இருவரின் பெயர் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஒரு செய்தியைச் சொல்ல எந்த மொழி பாதுகாப்பானது என்று நீங்கள் தேடத் தொடங்கிவிட்டீர்களென்றால், உங்கள் முடிவு ஏற்கெனவே தப்பாகிவிட்டது. அதற்கு மேல் திசையைப் பற்றியோ வலிமையைப் பற்றியோ கணக்குப் போட்டுப் பயனில்லை.

ஆலைக்குத் திரும்பி, கைகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்தோம். லோகேஸ் வைத்தார், நான் திரையைப் பார்த்து எண்ணைப் படித்தேன், சோங் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். நல்ல கை உடைய நேரம் எடுத்துக்கொள்ளும். எண் ஏறிக்கொண்டே போய்ப் பெரிய சத்தத்துடன் சிதறும். உடைந்த முகம் கரடுமுரடாக இருக்கும். நிமிர்த்தி வெட்டிய கை எண் ஏறும் முன்பே பிஸ்கட் மாதிரி விட்டுவிடும். உடைந்த முகம் தட்டையாக, விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும்.

நான்காவது அப்படி உடைந்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து வைத்ததும் அதேபோல உடைந்தது. லோகேஸ் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்கடுத்து ஒன்று நன்றாக நின்றது, பிறகு இரண்டு விட்டுவிட்டன. அறுக்கும் இடத்தில் விசாரித்தபோது, முந்தைய ஷிஃப்டும் அதே வேலையைச் செய்திருக்கிறது என்று தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கையேட்டில் திசையைப் பற்றி எதுவும் இல்லையே.

நாலு கைதானே, பளுவைத் தாங்கும் என்று நான் போட்ட கணக்கு இருக்கிறதே, அது அந்த நாலுக்குக்கூடச் சரியில்லை. திரையில் நான் வாய்விட்டுப் படித்த எண்களில் இரண்டு, கரண்டி நிறைந்திருக்கும்போது வரும் பளுவுக்கு மிக அருகில் இருந்தன. சோங்கும் அந்தப் பளுவை அறிவார். இரண்டு முறையும் எண்ணைத் திரும்பப் படிக்கச் சொன்னார். திரும்பப் படித்தேன்.

எல்லாம் முடிந்தபோது தட்டில் கறுப்புத் துண்டுகள் குவிந்து கிடந்தன. சோங் வெளியே போய் ரவாங்குக்கு அழைத்து, வரிசையைத் தொடங்க வேண்டாம், ஆட்களை வேறு வேலைக்கு அனுப்புங்கள் என்று மலாயில் சொன்னது கேட்டது. அதன் பிறகு நீண்ட நேரம் எதிர்முனையில் யாரோ அவரைத் திட்டுவதை நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் வரிசை நிற்கப் போவதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீங்கான் சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

உள்ளே வந்து லோகேஸிடம், "நல்லா ஒடச்சீங்க மேடம். புதுசு எப்ப வரும்?" என்றார். லோகேஸ் நாள் சொன்னார். "சரி, நான் வந்து நின்னு பாக்கறேன், வெட்டும்போதே," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தேங்க் யூ, சார். ப்ளீஸ் ஈமெயில் மீ தி ரிப்போர்ட்," என்றார்.

அந்த ஆங்கிலத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. புதிய கைகளை வெட்டும்போது சோங் வந்தார். அறுக்கும் இடத்தில் இருந்தவர்களோடு அரட்டை அடித்தார், கேன்டீன் ஆன்டியிடம் சம்பல் காரம் பத்தவில்லை என்றார், லோகேஸோடு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். எல்லாம் தமிழில். என்னிடம் வந்ததும் ஆங்கிலம். நான் தமிழில் தொடங்குவேன், அவர் ஆங்கிலத்தில் முடிப்பார். ஒருநாளும் மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. மரியாதை குறைந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சோதனைத் துண்டை எந்தத் திசையில் எடுக்க வேண்டும் என்று நீங்கள் இன்று கையேட்டில் படிக்கும் விதியை நான் அந்த மாதமே எழுதிச் சேர்த்தேன். அடுத்த தணிக்கையில் அதை முன்னோக்கிய சிந்தனை என்று பாராட்டினார்கள். சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை கேன்டீனில் தேநீர் விருந்து. சோங் ரவாங்கிலிருந்து வந்திருந்தார். அழைத்தது லோகேஸாக இருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஹேப்பி ரிட்டையர்மென்ட், சார். டேக் கேர் ஆஃப் யுவர் ஹெல்த்," என்றார்.

"இவ்வளவு தூரம் வந்தீங்களே சோங், ரொம்ப சந்தோஷம்," என்றேன். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"ஐ வில், சார். தேங்க் யூ."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவர் கையை விடாமல் வைத்திருந்தேன். அவர் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, பலகார மேசைக்குப் பக்கத்தில் நின்ற லோகேஸைப் பார்த்து நடந்தார்.

"மேடம், அந்த வட சூடா இருக்கா? தட்டு ஒண்ணு குடுங்க."